ஹட்சன் கரையில் கட்ட யாரைக் கேட்க வேண்டும்?

1973 டிசம்பரில் நியூயார்க் மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் இருந்த மேம்பாலச் சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே சாலையைப் பழுதுபார்க்கத் தார்க்கலவை ஏற்றிப் போன லாரியும் அதோடு சேர்ந்து கீழே வந்தது. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்று அதிகாரிகள் பெரிய திட்டமாகவே ஒன்றைப் போட்டார்கள். ஹட்சன் ஆற்றின் ஓரத்தில் சுமார் 200 ஏக்கருக்கு மண் நிரப்புவது, நெடுஞ்சாலையை அந்தப் புது நிலத்துக்குள் சுரங்கமாகக் கொண்டுபோவது, மேலே பூங்காவும் கட்டடங்களும் எழுப்புவது. பெயர் வெஸ்ட்வே. செலவு 200 கோடி டாலருக்கும் மேல். பெரும்பங்கு மத்திய அரசின் பணம். 1981 வாக்கில் ஆளுநர், மேயர், கட்டுமானத் தொழிற்சங்கங்கள், ஜனாதிபதி ரேகன் என்று அதிகாரத்தில் இருந்த ஏறக்குறைய எல்லாரும் இதற்கு ஆதரவு. ஆனாலும் 1985இல் திட்டம் கைவிடப்பட்டது. அதை நிறுத்தியது ஒரு மீனும் ஒரு பெர்மிட்டும்.

அமெரிக்காவில் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பெரிதாக ஏதாவது கட்ட நினைப்பவருக்கு முதலில் ஒரு பட்டியல்தான் கையில் கிடைக்கும்: இத்தனை அலுவலகம், இத்தனை விண்ணப்பம். நம் ஊரில் என்.ஓ.சி. சேகரித்துப் பழகியவர்களுக்கு அது பழகிய காட்சிதான். ஒவ்வொரு கதவாகத் தட்டி முத்திரை வாங்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை 'கட்டாதே' என்று சொல்வதில்லை. கேள்வி கேட்கின்றன, பதிலை ஆதாரத்தோடு எழுத்தில் கேட்கின்றன. கெட்ட திட்டங்களைவிட, கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதாத திட்டங்களே நீதிமன்றத்தில் அதிகம் விழுகின்றன என்பது என் கணிப்பு. வெஸ்ட்வே அதற்கு நல்ல பாடம். அதே கரையில் 30 ஆண்டு கழித்து வந்த லிட்டில் ஐலண்டு இன்னொன்று. இரண்டையும் வைத்தே விளக்குகிறேன்.

நீர் எங்கே தொடங்குகிறது?

முதல் அலுவலகம் பலருக்கு வியப்பாக இருக்கும்: ராணுவம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. வட்டாரத்தில் எல்லாரும் 'கோர்' என்றே சொல்வார்கள். ஒரு படகுத்துறை கட்ட ராணுவத்திடம் எதற்குப் போக வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் ஆறுகளைத் தூர்வாரி, துறைமுகங்களைச் சீராக்கி, கப்பல் வழிகளைக் காத்து வந்தது இவர்கள்தான். அந்த வழியில் யாரும் குறுக்கே எதையும் கட்டிவிடக் கூடாது என்று 1899இல் ஆறுகள், துறைமுகங்கள் சட்டம் வந்தது. அதன் 10ஆவது பிரிவுப்படி, கப்பல் போகக்கூடிய நீர்நிலையில் எதைக் கட்டினாலும், தோண்டினாலும், தூண் நட்டாலும் கோரின் பெர்மிட் வேண்டும். அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கோரின் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்துக்கும் தலைவர் சீருடை போட்ட ராணுவ அதிகாரி, பெரும்பாலும் கர்னல். சிக்கலான பெர்மிட்டுகளில் கடைசிக் கையெழுத்து அவருடையது.

1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தபோது இன்னொரு பொறுப்பும் கோரிடம் சேர்ந்தது. 404ஆவது பிரிவு. இதன் கவலை கப்பல் அல்ல, நீரின் நலம். மண், கல், கான்கிரீட், தூர்வாரிய சேறு என எதை நீரில் கொட்டி நிரப்பினாலும் இந்தப் பிரிவில் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் தருவது கோர். எந்த அளவுகோலில் தர வேண்டும் என்ற விதிகளை எழுதியது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ. கோர் தந்த பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரமும் இ.பி.ஏ.வுக்கு உண்டு. ஐம்பது ஆண்டுகளில் அதைப் பதினைந்து முறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அந்த அதிகாரம் இருப்பது பேச்சுவார்த்தை மேசையில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இரண்டு பிரிவுகளும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆற்றின் அடிமண்ணில் பைல் (ஆழமாக இறக்கும் தூண்) இறக்கி அதன்மேல் நடைமேடை போட்டால் அது 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் விஷயம். பைல்களை வழக்கமாக 'நிரப்புதல்' என்று கணக்கில் எடுப்பதில்லை. அவற்றை மிக நெருக்கமாக நட்டு, நீரோட்டத்தை அடைத்து, நிரப்பியதற்குச் சமமாக்கிவிட்டால்தான் 404 உள்ளே வரும். கரைத்தடுப்புச் சுவரை ஆற்றுப் பக்கமாக நகர்த்தி, பின்னால் மண் போட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். பெரிய திட்டங்களில் பெரும்பாலும் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் பார்ப்பார்கள்.

அப்படியானால் எல்லை எது? ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் கரையில் 10ஆவது பிரிவின் எல்லை சராசரி உயர் ஓத மட்டம். ஓதம் இல்லாத ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கும் தடம். அதற்கு மேலே, காய்ந்த தரையில் மட்டும் கட்டினால் கோருக்கு அங்கே வேலை இல்லை. இடையில் சதுப்புநிலம் இருந்தால்தான் தகராறு. இதில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த சாக்கெட் தீர்ப்பு பெரிய மாற்றம். இடாஹோவில் ப்ரீஸ்ட் ஏரிக்கு அருகே மனை வாங்கிய ஒரு தம்பதி, அதில் மண் நிரப்பியதற்காக இ.பி.ஏ.யோடு பல ஆண்டுகள் மோதிய வழக்கு அது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலையோடு மேல்மட்டத்தில் விடாமல் தொடர்பு இருக்கிற சதுப்புநிலம் மட்டுமே மத்திய சட்டத்துக்குள் வரும் என்று நீதிமன்றம் எல்லையைச் சுருக்கியது.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு 'இனி பெர்மிட்டே வேண்டாம்' என்று பேசுபவர்களும் உண்டு. நம்ப வேண்டாம். ஆறு ஆறாகத்தான் இருக்கிறது. ஹட்சனில் மண் கொட்டுவதற்கு சாக்கெட் எந்தச் சலுகையும் தரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் ஈரநிலத்தில்தான் நிலைமை மாறியது. அங்கேகூட நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களுக்குத் தங்கள் சொந்தச் சதுப்புநிலச் சட்டங்கள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கோரிடமே எழுத்தில் எல்லை நிர்ணயம் கேட்கலாம். முறைப்படி வாங்கிய நிர்ணயம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். மனை வாங்கும் முன்பே இதைச் செய்வது புத்திசாலித்தனம்.

இதை ஏன் தண்ணீரில் கட்ட வேண்டும்?

404இன் உள்ளே இருக்கும் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். இ.பி.ஏ. விதிகள்படி, ஒரு திட்டத்துக்கு நடைமுறையில் சாத்தியமான வழிகள் பல இருந்தால், நீருக்கு மிகக் குறைவாகத் தீங்கு செய்யும் வழிக்கு மட்டுமே பெர்மிட் தரலாம். சதுப்புநிலம், சேற்றுத்திட்டு, பவளப்பாறை, சரணாலயம் மாதிரி சிறப்பு இடமாக இருந்தால் விதி இன்னும் இறுகும். படகுத்துறையைத் தண்ணீரில்தான் கட்ட முடியும், சரி. உணவகத்தையும் அடுக்குமாடி வீட்டையும் எங்கும் கட்டலாம். அப்படித் தண்ணீரை நம்பியிராத திட்டம் சிறப்பு இடத்தில் வந்தால், வேறு இடம் கிடைக்கும் என்றே விதி முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விண்ணப்பதாரர்.

லிட்டில் ஐலண்டு இந்தக் கேள்வியில்தான் மாட்டியது. ஹட்சனில், பழைய கப்பல் துறைகள் இருந்த இடத்தில், தொழிலதிபர் பேரி டில்லரின் பணத்தில் ஒரு மிதப்பது போன்ற பூங்காவும் திறந்தவெளி அரங்கும் கட்டுவது திட்டம். அந்த நீர்ப்பகுதி 1998ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி கழிமுகச் சரணாலயம். கோர் 2016இல் பெர்மிட் தந்தது. திட்டத்தின் நோக்கத்தை நீரின் மேல் அமையும் பூங்கா, அரங்கம் என்பதுபோல எழுதிக்கொண்டு, ஆகவே இதற்குத் தண்ணீர் தேவைதான் என்று முடிவு செய்தது.

எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் நீதிபதி லோர்னா ஸ்கோஃபீல்டு பெர்மிட்டை ரத்து செய்தார். அடிப்படை நோக்கம் பூங்காவும் அரங்கமும்தானே. அவற்றுக்குத் தண்ணீர் எதற்கு? 'நீரின் மேல்' என்ற சொல்லை நோக்கத்துக்குள்ளேயே திணித்துவிட்டால் மாற்று வழி தேடும் கடமையே காணாமல் போய்விடும் அல்லவா? தீர்ப்பின் சாரம் இதுதான். அந்தச் செப்டம்பரில் டில்லர் திட்டத்தைக் கைவிடுவதாகவே அறிவித்தார். அக்டோபரில் ஆளுநர் குவோமோ நடுவே வந்து சமரசம் செய்துவைக்க, வேலை மறுபடி தொடங்கி, 2021 மே மாதம் பூங்கா திறந்தது. இன்று அங்கே போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

பூங்காவையே ரத்து செய்யும் அளவுக்கு இது பெரிய குற்றமா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் அதிகம் என்றே தோன்றும். ஆனால் விதியின் தர்க்கம் சரி. நோக்கத்தை எழுதுகிற ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதை வளைக்க இடம் கொடுத்தால் நாளை 'நீரின் மேல் அமையும் வாகன நிறுத்துமிடம்' என்றும் ஒருவர் எழுதுவார்.

வேறு இடம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் வேலை முடியவில்லை. முதலில் தவிர், முடியாததைக் குறை, அதன் பிறகும் மிஞ்சும் சேதத்துக்கு ஈடு செய் என்பது வரிசை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஈடு என்பது வேறோர் இடத்தில் சதுப்புநிலத்தை மீட்பதாக இருக்கலாம், அதற்கென்றே நடத்தப்படும் ஈட்டு வங்கிகளில் காசு கொடுத்து வரவு வாங்குவதாகவும் இருக்கலாம். 'ஈடு தருகிறோம், நிரப்ப விடுங்கள்' என்று எடுத்த எடுப்பில் பணத்தோடு வருபவர்களைக் கோர் அலுவலர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

மீன் இல்லை என்று எழுதிய அறிக்கை

இனி வெஸ்ட்வே. இங்கே இன்னொரு சட்டம் வருகிறது: தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். பேச்சில் நீப்பா. ஜனாதிபதி நிக்சன் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்திட்டார். மத்திய அரசின் எந்த அமைப்பும் ஒரு முடிவு எடுக்கும் முன் அதன் சுற்றுச்சூழல் விளைவை ஆராய்ந்து வெளியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தீங்கு தரும் முடிவை எடுக்கக் கூடாது என்று நீப்பா எங்கும் சொல்லவில்லை. தெரிந்தே எடு, தெரியும்படி எடு என்கிறது. தனியார் கட்டும் திட்டத்துக்கும் நீப்பா எப்படி வருகிறது என்றால், கோர் பெர்மிட் தருவதே மத்திய அரசின் ஒரு செயல். பெர்மிட் தேவையில்லாத காய்ந்த மனையில் தனியார் தன் காசில் கட்டினால் நீப்பா எட்டிப் பார்க்காது.

வெஸ்ட்வேக்கு 1977இல் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வெளியானது. பழைய துறைகளுக்கு இடையிலான அந்த நீர்ப்பகுதி உயிர்வளம் அற்ற வறண்ட இடம் என்ற பொருளில் அது எழுதியது. பார்க்க அப்படித்தான் இருந்தது: இற்றுப்போன மரத்தூண்கள், கலங்கிய தண்ணீர், கழிவு. ஆனால் 1979-80 குளிர்காலத்தில் வலை போட்டுப் பார்த்தபோது ஸ்ட்ரைப்டு பாஸ் மீனின் குஞ்சுகள் நிறைய அகப்பட்டன. உடம்பில் நீளவாக்கில் கோடு ஓடும் இந்த மீன் அட்லாண்டிக் கரை முழுவதும் தூண்டில்காரர்களுக்குச் செல்லம், மீனவர்களுக்கு வருமானம். ஹட்சன் அதன் முக்கியமான பிறப்பிடங்களில் ஒன்று. ஆற்றின் இழுப்பிலிருந்து ஒதுங்கிக் குளிரைக் கழிக்க அந்த இற்றுப்போன தூண்களின் நடுவே அவை அடைந்து கிடந்தன.

இவ்வளவு தெரிந்த பிறகும் 1981இல் கோர் பெர்மிட் தந்தது. 1982இல் நீதிபதி தாமஸ் க்ரீசா அதைச் செல்லாததாக்கினார். மீன் இருக்கிறது என்பதற்காக அல்ல. மீன் இருப்பது தெரிந்தும் பழைய அறிக்கையை வைத்தே முடிவெடுத்ததற்காக. கோர் மறுபடி ஆய்வு செய்தது. 1984இல் வந்த வரைவு அறிக்கை, மீன்வளத்துக்குப் பாதிப்பு குறிப்பிடத்தக்கதாக இருக்கும் என்றது. இறுதி அறிக்கையில் அதே பாதிப்பு 'சிறியது' ஆகிவிட்டது. நடுவில் என்ன மாறியது? சாட்சிக் கூண்டில் அதைக் கேட்டபோது ஒப்புக்கொள்ளும்படியான விளக்கம் வரவில்லை. 1985 ஆகஸ்டில் க்ரீசா பெர்மிட்டை இரண்டாவது முறை தள்ளினார். மேல்முறையீட்டிலும் மீட்சி இல்லை. நெடுஞ்சாலைப் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்கும் சிறிய சாலைக்கும் மாற்றிக்கொள்ள மத்திய அரசு வைத்த கெடு அந்தச் செப்டம்பர் கடைசியோடு முடிய இருந்தது. நியூயார்க் பணத்தை மாற்றிக்கொண்டது.

தொடக்கத்திலேயே மீனை ஒப்புக்கொண்டு, நிரப்பும் பரப்பைக் குறைத்து, ஈடு செய்து, நேர்மையாக எழுதியிருந்தால் வெஸ்ட்வே ஒருவேளை வந்திருக்கும் என்று அதன் எதிரிகளிலேயே சிலர் நினைத்தார்கள் என்றால் நம்புவேன். நீப்பா வழக்குகளில் நீதிபதி பார்ப்பது திட்டத்தை அல்ல, கோப்பை.

இப்போது அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீப்பாவைத் திருத்தி, முழு அறிக்கைக்கு இரண்டு ஆண்டு, சிறு ஆய்வுக்கு ஓர் ஆண்டு என்று கெடுவும், அறிக்கைக்கு 150 பக்கம் என்று பொது வரம்பும் வைத்தது. மிகச் சிக்கலானவைக்கு 300 வரை. 2025இல் வெள்ளை மாளிகைக் குழு ஒன்றின் பல பத்தாண்டுப் பொது விதிமுறைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு மே மாதம், இத்தகைய ஆய்வுகளில் அரசு அமைப்புகளின் தீர்மானத்துக்கு நீதிமன்றங்கள் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று ஒரு வெஸ்ட்வே வந்தால் நீப்பாவை மட்டும் வைத்து வீழ்த்துவது கடினம். ஆனால் மேலே சொன்ன 404இன் மாற்று வழிக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதுவே பலமான கொக்கி.

கூடவே வருபவர்கள்

கோரிடம் விண்ணப்பம் போனதும் வேறு சிலரும் கதவைத் தட்டுவார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் பாதிக்கப்படலாம் என்றால் கோர் மத்திய மீன்வள அலுவலகத்தையோ வனவிலங்குத் துறையையோ கலந்து பேசியாக வேண்டும்; 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டம். ஹட்சனில் அது பெரும்பாலும் ஸ்டர்ஜன் மீன். பழைய கட்டடமோ புதைந்த கப்பலோ இருந்தால் 1966ஆம் ஆண்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம். மாநிலம் தன் நீர்த்தரத்துக்குக் கேடு இல்லை என்று தூய நீர்ச் சட்டத்தின் 401ஆவது பிரிவில் சான்று தர வேண்டும். மாநிலம் மறுத்துவிட்டால் கோரின் கை கட்டப்பட்டுவிடும். இதற்கு மாநிலம் ஓர் ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்கிறது. கடலோர மாநிலமானால் அதன் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தோடு பொருந்துகிறது என்ற ஒப்புதலும் சேரும்.

சின்ன வேலைக்கும் இத்தனையா என்று பயப்பட வேண்டாம். அரிக்கும் கரைக்குக் கல் அடுக்குவது, இருக்கும் துறையைப் பழுதுபார்ப்பது, அரை ஏக்கருக்குள் அடங்கும் நிரப்பு போன்றவற்றுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான பெர்மிட்டுகளை கோர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. நிபந்தனைக்குள் அடங்கினால் வேகமாக முடியும். கோரின் பெர்மிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கட்டுநர்கள் வரைபடத்தை அரை ஏக்கருக்குள் அடக்கப் படும் பாட்டுக்கும் இதுவே காரணம்.

வெள்ளம்: ஃபெமா பெர்மிட் தருவதில்லை

இதுவரை பேசியது நீருக்குள் எதைப் போடுகிறோம் என்பது. வெள்ளச் சமவெளி விதிகள் கேட்பது நேர் எதிர்: நீர் உங்களிடம் வந்தால் என்ன ஆகும், உங்களால் அது வேறு யாரிடம் போகும்?

'ஃபெமாவிடம் பெர்மிட் வாங்கினீர்களா' என்று கேட்பவர்கள் நிறைய. மத்திய அவசரகால மேலாண்மை முகமையான ஃபெமா கட்டட அனுமதி தருவதே இல்லை. 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது போட்ட ஏற்பாடு இது: உங்கள் ஊராட்சி குறைந்தபட்ச வெள்ள விதிகளைச் சட்டமாக்கி அமல்படுத்தினால், ஊர்க்காரர்களுக்கு நாங்கள் காப்பீடு விற்போம். சேருவது ஊரின் விருப்பம். ஆனால் சேராத ஊரில், வெள்ள அபாயப் பகுதியில், மத்திய அரசின் கடன் உத்தரவாதமும் பல வகை நிவாரணமும் கிடைக்காது. இப்போது 22,000க்கு மேற்பட்ட ஊர்கள் சேர்ந்திருக்கின்றன. அதனால் வெள்ளப் பகுதியில் கட்ட அனுமதி தருவது நகராட்சியின் அலுவலர். அவர் கையில் இருப்பது ஃபெமா வரைந்த வரைபடம்.

அந்த வரைபடத்தின் அடிப்படை, ஓர் ஆண்டில் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். இதைத்தான் 'நூறாண்டு வெள்ளம்' என்கிறார்கள். அதைக் கேட்டதும் போன வருடம் வந்துவிட்டதே, இனி நூறு வருடம் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. ஜெர்சி சிட்டியில் தண்ணீரைப் பார்த்தபடி வீடு தேடும் நம்மவர்கள் இந்த ஒரு எண்ணையாவது நினைவில் வைக்கலாம்.

வரைபடத்தில் ஏ.இ. என்றால் வெள்ளம் ஏறும் பகுதி. எவ்வளவு உயரம் ஏறும் என்று அடிக்கணக்கும் போட்டிருப்பார்கள். வி.இ. என்றால் வெள்ளத்தோடு மூன்றடி அல்லது அதற்கு மேல் அலையும் மோதும் கடலோரம். எக்ஸ் என்றால் அபாயம் குறைவு, இல்லாமலில்லை. ஏ.இ.யில் வீட்டின் தரைத்தளம் அந்த வெள்ள மட்டத்துக்குக் குறையக் கூடாது. பல ஊர்கள் அதற்கு மேலும் ஓரிரு அடி கேட்கின்றன. வணிகக் கட்டடமானால் தண்ணீர் புகாதபடி அடைக்கும் ஏற்பாட்டோடு கீழேயும் கட்டலாம். வி.இ.யில் விதி கடுமை. கட்டடம் தூண்களின் மேல் நிற்க வேண்டும், அடியில் அலை தடையின்றி ஓட வேண்டும், கட்டடத்தைத் தாங்க மண் கொட்டி உயர்த்தக் கூடாது. வெள்ளத்தைத் தடுத்து நிற்கும் மணல்மேட்டையும் அலையாத்தி மரங்களையும் சேதம் பெருகும்படி கலைக்கவும் கூடாது. பழைய கட்டடத்தை வாங்கிப் புதுப்பிப்பவர்களை மாட்டிவிடும் விதி ஒன்றும் உண்டு: புதுப்பிக்கும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், முழுக் கட்டடமும் புதியதுபோல இன்றைய விதிக்கு வர வேண்டும்.

ஆற்றோரம் என்றால் ஃப்ளட்வே என்ற பகுதியைத் தனியே கவனிக்க வேண்டும். வெள்ளம் ஓடிப்போக ஒதுக்கி வைத்த நடுத்தடம் அது. அதற்குள் எதைக் கட்டினாலும், வெள்ள மட்டம் கொஞ்சம்கூட ஏறாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் சான்று தர வேண்டும். 'கொஞ்சம்கூட ஏறாது' என்றால் ஏற்றம் அடிக்கணக்கில் பூஜ்யம்தான். ஏறும் என்றால் கட்டத் தொடங்கும் முன் ஃபெமாவுக்கு எழுதி, வரைபடத்தை இப்படித் திருத்துவோம் என்ற நிபந்தனைக் கடிதம் வாங்க வேண்டும். தொழிலில் இதை 'க்ளோமர்' என்பார்கள். கட்டி முடித்த பிறகு, உண்மையில் நின்ற நிலைமையை அளந்து கொடுத்து வாங்கும் இறுதித் திருத்தம் 'லோமர்'. மன்ஹாட்டன் மாதிரி புயலில் கடல் பொங்கி வெள்ளம் வரும் கரைகளில் பொதுவாக ஃப்ளட்வே கேள்வி எழாது. அங்கே ஓரடி மண் கொட்டினாலும் கடல் மட்டம் ஏறிவிடப் போவதில்லை. அங்கே கவலை அலைதான்.

இரண்டு சட்டங்களும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஆரம்பக் கட்டக் கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை என்பதே வியப்பு. ஏ.இ. பகுதியில் வெள்ளப் பிரச்சினைக்கு எளிய தீர்வு மண் கொட்டி நிலத்தை உயர்த்துவது. பொறியாளர் மகிழ்ச்சியாக வரைந்து தருவார். ஆனால் அந்த நிலத்தின் ஒரு மூலை சதுப்புநிலமாக இருந்தால், உயர்த்துவதற்குக் கொட்டும் அதே மண்தான் 404இன் 'நிரப்புதல்'. வெள்ள அலுவலர் மண்ணைக் கூட்டச் சொல்வார், கோர் குறைக்கச் சொல்லும். தூண்களின் மேல் கட்டினால் இருவரும் சமாதானம் ஆகலாம்; செலவு கூடும். க்ளோமர் கேட்கும்போது அருகிவரும் உயிரினச் சட்டத்துக்கு உட்பட்டிருக்கிறோம் என்று ஃபெமாவிடமும் காட்ட வேண்டியிருப்பதால், ஒரே மீனுக்காக இரண்டு அலுவலகத்தில் கோப்பு ஓடுவதும் உண்டு. வெள்ளக் கணக்குப் போடுபவரையும் சதுப்புநிலம் அளப்பவரையும் வரைபடம் உறுதியாகும் முன்பே ஒரே அறையில் உட்கார வைத்தால் பின்னால் பல மாதங்கள் மிச்சம்.

வரைபடத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். நியூயார்க் நகரம் 1983 முதல் பயன்படுத்திய வெள்ள வரைபடத்தின் அடிப்படை அதிகம் மாறாமலே இருந்தபோதுதான் 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தது. நகரத்தின் 17 சதவீத நிலம் தண்ணீரில் நின்றது. வரைபடத்தில் அபாயப் பகுதியாகக் காட்டாத தெருக்கள் பலவும் அதில் அடக்கம். கடல் மட்டம் இனி எவ்வளவு ஏறும் என்பதை இந்த வரைபடங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மத்திய அரசின் பணம் வரும் திட்டங்களையாவது கூடுதல் உயரத்தில் கட்ட வைக்க ஒபாமா 2015இல் ஓர் ஆணை போட்டார். டிரம்ப் 2017 ஆகஸ்டில் அதை நீக்கினார். பத்தே நாளில் டெக்ஸாஸைத் தாக்கியது ஹார்வி புயல். பைடன் 2021இல் மீட்டார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி நீக்கினார். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்தின் தரைமட்டத்தை நாலாண்டுக்கு ஒருமுறை மாறும் ஆணையை வைத்து முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வங்கியோ தனியார் காப்பீட்டு நிறுவனமோ அதைவிடக் கூடுதல் உயரம் கேட்கவும் கூடும். தேசியத் திட்டத்தின் காப்பீடு வணிகக் கட்டடத்துக்கு 5 லட்சம் டாலரோடு நின்றுவிடுவதால், பெரிய திட்டங்கள் எப்படியும் தனியார் காப்பீட்டை நாட வேண்டியிருக்கிறது.

எங்கே தொடங்குவது?

விண்ணப்பத்தில் அல்ல. கோரின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு முந்தைய சந்திப்பு ஒன்று கேட்கலாம், கட்டணம் இல்லை. மாநில அலுவலர், மீன்வள அலுவலர் எல்லாரையும் அதற்கே அழைக்கச் சொல்லலாம். அங்கே 'இந்தக் குளிர்காலத்தில் மீன் கணக்கெடுப்பு வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், அந்தக் குளிர்காலத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போச்சு. காலண்டரை முடிவு செய்வது அலுவலகம் அல்ல, மீன் முட்டையிடும் பருவமும் பறவை கூடுகட்டும் பருவமும்தான். முழு விண்ணப்பம் கிடைத்த 15 நாளில் கோர் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல 15 முதல் 30 நாள். கோர் தனக்கு வைத்திருக்கும் 120 நாள் இலக்கு, சிக்கலான திட்டங்களில் பெரும்பாலும் இலக்காகவே நின்றுவிடும்.

கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக் கடைசிக் காகிதத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். வெள்ள நிலைமையை மாற்றும் திட்டமானால் ஆறு மாதத்துக்குள் புதிய அளவுகளை ஃபெமாவுக்கு அனுப்ப வேண்டும். லோமர் வரும்வரை, நிலம் எத்தனை அடி உயர்ந்திருந்தாலும் வரைபடத்தில் அது வெள்ளப் பகுதிதான். வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கும், வீடு வாங்க வருபவரின் வக்கீல் கேள்வி கேட்பார், நிலத்தை உயர்த்தச் செலவழித்தவர் காப்பீட்டுத் தவணையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்.